ஃபுட்டியில் எந்தச் சாதனை விழும், எது விழாது?

கேள்வி இதுதான்: "கிரிக்கெட்டுக்கு பிராட்மனின் 99.94 மாதிரி, ஆஸ்திரேலியன் ஃபுட்பாலில் (ஃபுட்டி) யாராலும் தொட முடியாத எண் எது? வினாடி வினாவுக்குத் தயார் செய்கிறேன். அந்த ஆட்டத்தில் ஸ்கோர் எழுதுகிற முறையே எனக்குப் புரியவில்லை."

ஒரே வரியில் வேண்டுமென்றால் 1,360. டோனி லாக்கெட் அடித்த கோல்கள். இந்தப் பதிலை நம்புவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு 244 என்று சொல்லியிருப்பேன். அந்த 244 இப்போது விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் ஸ்கோர்.

மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்கு இரு பக்கமும் உள்ள சின்னக் கம்பம் வரை போனால் பிஹைண்ட், 1 புள்ளி. நடுவே போன பந்து வழியில் யார் கையிலாவது பட்டிருந்தாலும் 1 தான். ஸ்கோரை 12.10 (82) என்று எழுதுவார்கள். 12 கோல், 10 பிஹைண்ட், ஆக மொத்தம் 82. 12.10-ன் நடுவே உள்ள புள்ளியைத் தசமப் புள்ளி என்று நினைத்துக் குழம்பாதவர்கள் நம் ஊரில் இருந்து வந்தவர்களில் குறைவு. நானும் குழம்பியவன்தான். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் முதல்முறை போய் உட்கார்ந்தபோது, பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் வாசலில் விற்கும் 'ரெக்கார்ட்' புத்தகத்தை மடியில் விரித்து, ஒவ்வொரு வீரர் பெயருக்கு எதிரிலும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். கோல் நடுவர் இரண்டு கொடி ஆட்டினால் ஒரு பக்கம் கோடு, ஒரு கொடி ஆட்டினால் இன்னொரு பக்கம் கோடு. எதிரே ராட்சதத் திரையில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "திரையை அணைத்துவிடுவார்கள். இது என் வீட்டுக்கு வரும்" என்றார். 1912-லிருந்து வரும் புத்தகம் அது. இந்த ஊர்க்காரர்களுக்கு எண்கள்மேல் இருக்கும் பித்து எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஸ்கோர் எழுதும் முறையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 1948 இறுதிப் போட்டியில் எஸ்ஸெண்டன் 7.27 (69), மெல்பர்ன் 10.9 (69). சமன். எஸ்ஸெண்டன் 34 முறை கம்பங்களுக்குள் பந்தை அனுப்பியிருக்கிறது, அதில் 27 பக்கவாட்டில் போயிருக்கிறது. அந்த 27-ல் ஒன்றே ஒன்று சில அடி உள்ளே திரும்பியிருந்தால் அன்றே கோப்பை. மறு ஆட்டம் வைத்தார்கள். மெல்பர்ன் 13.11 (89) எடுத்தது, எஸ்ஸெண்டன் 7.8 (50). இறுதிப் போட்டி சமனில் முடிந்தது மூன்றே முறை: 1948, 1977, 2010. மூன்று தடவையும் மறு ஆட்டம்தான். இப்போது கூடுதல் நேரம் விளையாடி அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று விதி மாறிவிட்டதால், நான்காவது ஒன்று இந்தப் பட்டியலில் சேராது. வினாடி வினா நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோல் அடிக்காமலேயே புகழ் பெற்ற உதையும் உண்டு. அதுவும் லாக்கெட்டுடையது. 1996 அரையிறுதி, சிட்னியும் எஸ்ஸெண்டனும் சம நிலையில். தொடை இடுக்கில் காயத்தோடு விளையாடிய லாக்கெட் தொலைவில் பந்தைப் பிடித்தார், ஆட்டம் முடியும் சைரன் ஒலித்துவிட்டது. சைரனுக்கு முன் பிடித்த பந்தை அதற்குப் பிறகும் உதைக்கலாம். உதைத்தார். நடுவே போகவில்லை, பிஹைண்ட். அது போதும், 10.10 (70) க்கு 10.9 (69). ஒரு புள்ளியில் சிட்னி இறுதிப் போட்டிக்குப் போனது. 1,360 கோல் அடித்தவரின் வாழ்க்கையில் சிட்னிக்காரர்கள் இன்றும் முதலில் சொல்வது கோலாகாத அந்த உதையைத்தான்.

சரி, 1,360. லாக்கெட் முதலில் செயின்ட் கில்டாவுக்கு 898, பிறகு சிட்னிக்கு 462, மொத்தம் 281 ஆட்டங்கள். அவருக்கு முந்தைய சாதனை காலிங்வுட்டின் கோர்டன் கவென்ட்ரி 1937-ல் ஓய்வு பெற்றபோது விட்டுச் சென்ற 1,299. 62 வருடம் அது அசையவே இல்லை. 1999 ஜூன் 6 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் லாக்கெட் 1,300-ஐ அடித்தார், அதுவும் அதே காலிங்வுட்டுக்கு எதிராக. பந்து கம்பங்களைத் தாண்டியதும் பார்வையாளர்கள் வேலியைத் தாண்டினார்கள்.

இதை ஏன் இனி யாரும் தொட மாட்டார்கள் என்கிறேன்? நம் காலத்தில் நெருங்கியவர் லான்ஸ் ஃபிராங்க்ளின். 2022 மார்ச்சில் ஆயிரமாவது கோல் அடித்தபோது சிட்னி மைதானம் முழுக்கத் தலைகளாகத்தான் தெரிந்தது. ஆட்டம் வெகுநேரம் நின்றது. அப்பேர்ப்பட்டவர் 354 ஆட்டங்கள் ஆடி முடித்தது 1,066-ல். ஒரே பருவத்தில் 100 கோல் என்பதும் அவரோடு நின்றுவிட்டது. 2008-ல் அவர் 113 அடித்தார், அதற்குப் பிறகு நூறைத் தொட்டவர் இல்லை. 2021-ல் அதிக கோலுக்கான கோல்மன் மெடலை ஹாரி மெக்கே வாங்கியது 58 கோலுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 60 கோல் வீதம் ஒருவர் ஒரு காயமும் படாமல் ஆடினாலும் 1,360-க்கு 22 வருடம் தாண்டும்.

திறமை குறைந்துவிட்டதால் அல்ல. அந்தக் காலத்தில் கோல் முனையில் ஒரு ஃபுல் ஃபார்வர்ட், அவரைக் காவல் காக்க ஒரு ஃபுல் பேக். நடுவிலிருந்து நீளமாக உதைப்பார்கள், இரண்டு பேரும் மல்லுக்கட்டுவார்கள். இப்போது இரு அணியின் 36 பேரும் பந்து போகும் பக்கமே நகர்கிறார்கள். ஃபுல் ஃபார்வர்டுக்கு முன்னால் மூன்று பேர் நின்று இடத்தை அடைத்துவிடுகிறார்கள். கோலை ஒருவர் மொத்தமாக அள்ளாமல் ஏழெட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பயிற்சியாளர்களுக்கும் அதுதான் விருப்பம், ஒருவரை அடக்கினால் அணி அடங்கிவிடக் கூடாது.

பிராட்மன் என்று கேட்டதால் சராசரியையும் பார்த்துவிடலாம். லாக்கெட்டின் சராசரி ஆட்டத்துக்கு 4.84. அதைவிட மேலே இரண்டு பேர். ஜான் கோல்மன் 98 ஆட்டத்தில் 537 கோல், 5.48. 1949-ல் முதல் ஆட்டத்திலேயே 12 அடித்தவர், 1954-ல் முழங்கால் போய் 25 வயதில் முடிந்துவிட்டார். மேலே சொன்ன கோல்மன் மெடல் இவர் பெயரில்தான். எல்லாருக்கும் மேலே ஹாத்தார்னின் பீட்டர் ஹட்சன், 129 ஆட்டம், 727 கோல், 5.64. மொத்த எண்ணிக்கையைக் கேட்டால் லாக்கெட், பிராட்மனைப் போல என்று கேட்டால் ஹட்சன். என் தனிப்பட்ட ஓட்டு ஹட்சனுக்கு.

அதே ஹட்சனுக்கு ஒரு ஆறாத கதையும் உண்டு. ஒரே பருவத்தில் அதிக கோல் 150. தென் மெல்பர்னின் பாப் பிராட் 1934-ல் அடித்தது. 1971 இறுதிப் போட்டிக்குள் ஹட்சன் 147 கோலோடு போனார். ஆரம்பத்திலேயே காதில் பலத்த அடி. இருந்தும் மூன்று அடித்து 150-ல் பிராட்டைத் தொட்டார். இன்னும் ஒன்று வேண்டும். ஓர் உதை எதிரே நின்றவர் மீது பட்டது. அடுத்து வந்த வாய்ப்பும் நழுவியது. ஆட்டம் முடிந்துவிட்டது. ஹாத்தார்ன் 7 புள்ளியில் கோப்பையை வென்றது, 150 மட்டும் இரண்டு பெயரோடு நிற்கிறது. பிராட்டுக்கும் அதிர்ஷ்டம் அவ்வளவு நல்லதில்லை. 1935 இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன் செங்கல் லாரி மோதி, அந்த ஆட்டத்தையே ஆட முடியாமல் போனது.

ஒரே ஆட்டத்தில் அதிக கோல் 18. 1947 ஆகஸ்ட் 30, மெல்பர்னின் ஃபிரெட் ஃபேனிங், செயின்ட் கில்டாவுக்கு எதிராக. 18 கோல், 1 பிஹைண்ட். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். வயது 25 தான். கிராமப்புற ஊரான ஹாமில்டனில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுக்க நல்ல சம்பளம் கிடைத்தது, போய்விட்டார். இன்றைக்கு ஒரு வீரர் ஒரு சனிக்கிழமை லீக் சாதனை வைத்துவிட்டு அடுத்த வாரம் சம்பளத்துக்காக மாவட்ட லீக்குக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, வினாடி வினாவில் நிறையப் பேர் விழுவது இதில்தான். மேலே சொன்ன எண்கள் எல்லாம் 1897-ல் எட்டு கிளப்புகளோடு தொடங்கிய விக்டோரியன் ஃபுட்பால் லீக்குடையவை (வி.எஃப்.எல்.). 1990-ல் அது பெயர் மாற்றி ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக், அதாவது ஏ.எஃப்.எல். ஆனது, சாதனைப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டது. ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அதே தரத்தில் தனி லீக்குகள் இருந்தன. நார்த் அடிலெய்டின் கென் ஃபார்மர் 224 ஆட்டங்களில் 1,417 கோல் அடித்தார், லாக்கெட்டைவிட அதிகம், ஆட்டமோ குறைவு. கோல் அடிக்காமல் ஓர் ஆட்டம்கூட முடித்ததில்லை, 1930-லிருந்து தொடர்ந்து 11 பருவம் நூறைத் தாண்டினார். தென் ஃபிரிமான்டிலின் பெர்னி நேலர் 1953-ல் ஒரே பருவத்தில் 167. இவர்களில் யாரும் ஏ.எஃப்.எல். பட்டியலில் இல்லை. அடிலெய்டில் போய் 'அதிக கோல் லாக்கெட்' என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த அரைமணி நேரம் உங்களுடையது அல்ல. என்னைக் கேட்டால் அவர்கள் கோபம் நியாயம். ஒரு மாநில லீக்கின் வரலாற்றைத் தேசிய வரலாறு என்று பெயர் மாற்றி வைத்ததுதான் நடந்தது. எனவே கேள்வியில் 'வி.எஃப்.எல். அல்லது ஏ.எஃப்.எல்.' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடை சொல்லுங்கள்.

இப்போது அந்த 244. கோல் சாதனைகள் உறைந்து கிடக்க, உழைப்புச் சாதனைகள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. ஹாத்தார்னின் மைக்கேல் டக் 1991-ல் 426 ஆட்டங்களோடு முடித்தபோது இதற்கு மேல் மனித உடம்பு தாங்காது என்றார்கள். 2016-ல் நார்த் மெல்பர்னின் பிரென்ட் ஹார்வி 432-ல் நிறுத்தினார். 2025 பருவம் முடியும்வரை அதுதான் உச்சம், காலிங்வுட்டின் ஸ்காட் பென்டில்பரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். உடற்பயிற்சி அறிவியல், நல்ல மைதானம், முழுநேரச் சம்பளம் எல்லாம் சேர்ந்து 35 வயதுக்கு மேலும் ஆட வைக்கின்றன.

244 என்பது ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து ஆடியது. ஜிம் ஸ்டைன்ஸ். டப்ளினில் பிறந்து கேலிக் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்த பையன், 18 வயதில் மெல்பர்ன் கிளப் அழைத்து வந்தது. வட்டப் பந்தில் பழகியவனுக்கு இந்த முட்டை வடிவப் பந்து. 1987 அரையிறுதியில் மெல்பர்ன் முன்னிலை, சைரன் ஒலிக்கும் நேரம். ஹாத்தார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக், ஆனால் கோல் எட்டாத தூரம். அந்த நேரம் பார்த்து ஸ்டைன்ஸ் அவருக்குக் குறுக்கே ஓடினார். அது விதி மீறல், 15 மீட்டர் முன்னால் போய் உதைக்கச் சொன்னார்கள். கோல். ஹாத்தார்ன் 2 புள்ளியில் வென்றது. 1964-க்குப் பிறகு இறுதிப் போட்டியையே பார்க்காத கிளப்பின் கனவு, முதல் வருடம் ஆடும் ஓர் ஐரிஷ்காரன் காலடியில் போனது. வேறொருவராயிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போயிருப்பார். ஸ்டைன்ஸ் 1991-ல் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ மெடலை வாங்கினார், 1998 வரை ஓர் ஆட்டம்கூட விடவில்லை. அந்த 1987 அரையிறுதியும் 244-க்குள் வரும் ஓர் ஆட்டம்தான்.

இது விழாது என்று நான் ஏன் அடித்துச் சொன்னேன் என்றால், 2021-லிருந்து தலையில் அடிபட்டு மயக்கம் என்று மருத்துவர் எழுதினாலே குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது. ஒரே ஒரு மோதல் போதும், தொடர் அறுந்துவிடும். சின்ன வலி என்றாலும் கிளப்புகளே ஓய்வு கொடுக்கின்றன. இந்தக் காலத்தில் 244-ஆ? 2025-ல் காலிங்வுட்டின் ஜாக் கிரிஸ்ப் சத்தமில்லாமல் தாண்டிப் போனார். என் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று இன்றும் யோசிக்கிறேன். அதனால்தான் 1,360-ஐப் பற்றி அடித்துப் பேசும்போது கொஞ்சம் தொண்டை அடைக்கிறது.

அணிகளுக்கு வருவோம். அதிக ஸ்கோர் ஜீலாங் 37.17 (239), 1992 மே 3, பிரிஸ்பேன் பேர்ஸுக்கு எதிராக. பெரிய வித்தியாசம் 190 புள்ளி, 1979-ல் ஃபிட்ஸ்ராய் 238, மெல்பர்ன் 48. குறைந்த ஸ்கோர்தான் ரசமானது: 1899-ல் செயின்ட் கில்டா 0.1 (1). ஜீலாங் 162. ஓர் ஆட்டம் முழுக்க ஆடி ஒரே ஒரு பிஹைண்ட்!

பாவம் செயின்ட் கில்டா, முதல் மூன்று பருவத்தில் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை, தொடர்ந்து 48 தோல்வி. 1900-ல் முதல் ஆட்டம் மெல்பர்னோடு சமனில் முடிந்தது. மணி அடித்த பிறகு மெல்பர்னுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டார்கள் என்று செயின்ட் கில்டா முறையிட்டது. லீக் ஒத்துக்கொண்டு அந்தப் புள்ளியை நீக்கியது. முதல் வெற்றி, ஒரு புள்ளியில், மைதானத்தில் அல்ல, காகிதத்தில். 106 வருடம் கழித்து, 2006 ஏப்ரலில் லான்செஸ்டன் நகரில் ஃபிரிமான்டிலோடு ஆட்டம். சைரன் ஒலித்தது, ஆனால் சத்தம் நடுவர் காதுக்கு எட்டவில்லை. ஆட்டம் சில நொடி நீண்டது, அதற்குள் செயின்ட் கில்டா ஒரு பிஹைண்ட் எடுத்துச் சமன் செய்தது. லீக் கூடி அந்தப் புள்ளியை அழித்தது. ஃபிரிமான்டில் 94, செயின்ட் கில்டா 93. வாங்கிய ஒரு புள்ளியை அதே மாதிரி திருப்பிக் கொடுத்தாயிற்று. நடுவில் 1966-ல் அவர்கள் வாங்கிய ஒரே ஒரு கோப்பை இருக்கிறதே, அதுவும் 10.14 (74) க்கு 10.13 (73). ஒரு புள்ளிதான்.

பிரவுன்லோ மெடலில் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவர்கள் சேர்ந்து 3, 2, 1 என்று ஓட்டுப் போடுவார்கள், இந்த முறையில் 2024-ல் பாட்ரிக் கிரிப்ஸ் வாங்கிய 45 தான் உச்சம். ஆனால் இது சிறந்த, அதே சமயம் நேர்மையான வீரருக்கான மெடல். அந்த வருடம் தடை பெற்றிருந்தால் முதலிடம் வந்தாலும் கிடையாது. 1996-ல் கோரி மெக்கெர்னன், 1997-ல் கிரிஸ் கிரான்ட் இரண்டு பேரும் இப்படி இழந்தார்கள். மூன்று பேர் சமமாக வந்த 1930-ல் ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள். மற்ற இருவரான ஹாரி காலியருக்கும் ஆலன் ஹாப்கின்ஸுக்கும் 59 வருடம் கழித்து 1989-ல் கொடுத்துச் சரி செய்தார்கள். ஆக, 1930-ல் மெடல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மூன்று.

கடைசியாக, எந்த வீரரும் எந்த அணியும் முறியடிக்கவே முடியாத ஒன்று: 1,21,696. 1970 இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இன்று சுமார் ஒரு லட்சம் பேருக்குத்தான் இடம், அப்போது நின்றுகொண்டே பார்ப்பவர்கள் அதிகம். அன்று பாதி ஆட்டத்தில் கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸ் என்ற பையனை இறக்கினார்கள், நான்கு கோல் அடித்தான், கார்ல்டன் 10 புள்ளியில் ஜெயித்தது. மொத்தமே 29 ஆட்டம் ஆடியவர் அவர். பிற்காலத்தில் சாம்பியன் டேட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்று ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் யார் எத்தனை முறை பந்தைத் தொட்டார், எங்கிருந்து உதைத்தார் என்று ஒவ்வொன்றையும் எண்ணுவது அந்த நிறுவனம்தான்.